கையை விடு, இடுப்பைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

"பொம்மையைக் காட்டினால் ஆசையாகப் பார்க்கிறான், கைதான் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தில், நீ பயிற்சி கொடுக்கும் பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். முதுகு கூன் போட்டு, இடுப்பு பின்னால் சரிந்து, இரண்டு உள்ளங்கையும் பாயில் ஊன்றியிருக்கின்றன. ஊன்றிய கையை எடுத்தால் விழுவான். அது அவனுக்குத் தெரிகிறது, உனக்குத்தான் தெரியவில்லை.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தொடையின் பின்தசை இறுகியிருக்கும். காலை நீட்டியதும் அது இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும். முழங்காலை மடக்கினால் அந்த இழுப்பு தளரும். பாதம் முழுதாகத் தரையில் படிகிற உயரத்தில் ஒரு முக்காலி போடு. சிலருக்குச் சம்மணமே போதும்.

நாம் கையை நீட்டும் முன்பே முதுகும் வயிறும் தயாராகிவிடுகின்றன. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது தாமதமாகும், அல்லது முன்தசையும் பின்தசையும் சேர்ந்து இறுகி உடம்பே விறைக்கும். கையை மட்டும் அதட்டி என்ன பயன்?

எங்கே பிடிப்பது என்று கேட்டிருந்தாய். அக்குளில் கெட்டியாகப் பிடித்தால் உட்கார்ந்திருப்பது நீதான், அவனில்லை. தோளிலிருந்து அக்குள், விலாவின் கீழ், இடுப்பு என்று பிடியை மெல்ல இறக்கு. எங்கே இறக்கியதும் உடம்பு ஆடுகிறதோ, அங்கேயே கையை வைத்துப் பழக்கு. பெனலோப் பட்லர் குழுவினர் 2010இல் வெளியிட்ட, உடம்பின் நடுப்பகுதிக் கட்டுப்பாட்டை அளக்கும் 'சாட்கோ' சோதனையின் அடிப்படை இதுதான். தேடிப் படி.

பொருளைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்தால் உடம்பு அசையவே தேவையில்லை. நாலு விரல் தள்ளி வை. அப்போதுதான் இடுப்பு முன்னே சாய்ந்து எடை பாதத்துக்கு இறங்கும். நேர் எதிரே பழகிய பிறகு பக்கவாட்டுக்குப் போ. சாயம்போன பிளாஸ்டிக் வளையத்துக்காக அவன் ஏன் விழத் துணிய வேண்டும்? முறுக்கென்றால் யோசிப்பான் (விழுங்குவதில் சிக்கல் இல்லாத பிள்ளையென்றால் மட்டும்).

ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற இயக்கத்திறன் வகைப்பாட்டில் ஐந்தாம் நிலையில், அதாவது மிகக் கடுமையான நிலையில், உள்ள பிள்ளையிடம் இந்த வழி பெரும்பாலும் எடுபடாது. தலைக்கும் மார்புக்கும் தாங்கல் உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, கைக்கு விடுதலை கொடு. நாற்காலி கொடுத்தால் பிள்ளை சோம்பேறியாகிவிடும் என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

படுக்க வைத்துக் கை காலை நீட்டி மடக்குவதுதான் தெரபி என்று பெற்றோர் நினைப்பார்கள். ஆனால் அயோனா நோவாக் குழு 2013இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பச்சை விளக்கு காட்டியவற்றில் இலக்கு வைத்த பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் உண்டு. அதனால் பிள்ளையின் அம்மாவிடம் பத்து எக்சர்சைஸ் எழுதிக் கொடுக்காதே. இட்லித் தட்டை நாலு விரல் தள்ளி வைக்கச் சொல், போதும்.

அவன் முழங்காலிலிருந்து பாதம் வரை எத்தனை சென்டிமீட்டர், வீட்டில் இருக்கும் முக்காலி எவ்வளவு உயரம்? இரண்டையும் அளந்து எழுது.

அன்புடன்,
அண்ணன்