அச்சத்தின் நடுவே விசுவாசம்: கேள்வி-பதில்

கேள்வி: நோய், போர், வேலையிழப்பு என்று எந்தச் செய்தி வந்தாலும் மனம் பதறுகிறது. பயப்படுவது விசுவாசக் குறைவா?

பதில்: பயந்தவர்களின் கதைகளை வேதாகமம் மறைக்கவில்லை. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற எலியா தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டதும் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்துவிட்டான். அங்கே அவனுக்கு முதலில் கிடைத்தது கண்டனம் அல்ல. அடையும் தண்ணீரும் உறக்கமும். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டு, துன்பத்தின் பாத்திரம் தம்மை விட்டு நீங்கும்படி ஜெபித்தார். சங்கீதங்களில் கணிசமான பகுதி புலம்பல்தான். ஆகவே பயம் எழுவது விசுவாசம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அந்தப் பயம் ஒருவரை எங்கே கொண்டுபோகிறது என்பதையே வேதாகமம் கவனிக்கிறது. சங்கீதக்காரர்கள் அதைக் கடவுளிடம் கொண்டுபோனார்கள்.

கேள்வி: ஆபத்து நெருங்கும்போது விசுவாசி விலகிப் போகலாமா, நின்றே ஆகவேண்டுமா?

பதில்: இதே கேள்வியைப் பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர் யோஹான் ஹெஸ், திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரிடம் கேட்டார். இன்று போலந்தில் விராட்ஸ்வாஃப் எனப்படும் அந்த நகரில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. லூத்தர் உடனே பதில் எழுதவில்லை. 1527 ஆகஸ்டில் அவர் வாழ்ந்த விட்டன்பெர்க் நகருக்கே நோய் வந்தது. பல்கலைக்கழகம் யேனாவுக்கு இடம் மாறியது. லூத்தரையும் கிளம்பும்படி சாக்சனி ஆட்சியாளர் யோஹான் கேட்டுக்கொண்டார். அவர் சகபோதகர் புகன்ஹாகனுடன் அங்கேயே தங்கி, நோயாளிகளைச் சந்தித்தார். அந்த ஆண்டின் கோடையில் அவரே கடும் உடல்நலக் குறைவாலும் மனச்சோர்வாலும் வாடியிருந்தார். மனைவி கேத்தரீனா கருவுற்றிருந்தார்.

அந்தச் சூழலில் எழுதிய பதிலில் அவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. போதகர், நகர அதிகாரி, மருத்துவர் போன்றோர், தமக்குப் பதிலாகப் பொறுப்பேற்க ஆள் இல்லாதவரை விலகக் கூடாது. பிள்ளைகளைப் பெற்றோரும், பெற்றோரைப் பிள்ளைகளும், வேலையாளை எஜமானரும் கைவிடக் கூடாது. தம்மை நம்பி யாரும் இல்லாதவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருந்தால், போகலாம்; அது பாவம் இல்லை. யாக்கோபு ஏசாவுக்கும், தாவீது சவுலுக்கும் தப்பி ஓடியவர்கள்தான் என்று அவர் எடுத்துக்காட்டினார். நிற்பவர் போகிறவரைப் பழிக்கவும் கூடாது. போகலாமா என்பதை அவர் பயத்தின் அளவை வைத்துத் தீர்மானிக்கவில்லை. கைவிடப்படக்கூடிய அயலார் ஒருவர் இருக்கிறாரா என்பதை வைத்தே தீர்மானித்தார்.

கேள்வி: மருந்தும் முன்னெச்சரிக்கையும் கடவுள்மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டுமா?

பதில்: இல்லை. மருந்தை மறுத்து, நோய் உள்ள இடங்களில் வீம்புக்குத் திரிவதை லூத்தர் விசுவாசமாக ஏற்கவில்லை. அது கடவுளைச் சோதிப்பது என்றார். வீடு பற்றி எரியும்போது தீயை அணைக்காமல் இது கடவுளின் தண்டனை என்று யாரும் கைகட்டி நிற்பதில்லை என்பது அவர் வாதம். மருந்து உட்கொள்வது, வீட்டைப் புகையிட்டுச் சுத்தப்படுத்துவது, தேவையற்ற இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது ஆகியவற்றைத் தாமும் செய்வதாக எழுதினார். தன் கவனக்குறைவால் நோயைப் பிறருக்குக் கடத்துபவர் அவர்களின் சாவுக்குப் பொறுப்பாளி என்றும் எச்சரித்தார்.

கேள்வி: விசுவாசத்தோடு நின்றவர்கள் எல்லாரும் காப்பாற்றப்பட்டார்களா?

பதில்: காப்பாற்றப்படவில்லை. விட்டன்பெர்க்கில் தங்கிய உதவிப் போதகர் கியோர்க் ரோரரின் மனைவி அந்த நோயில் இறந்தார். லூத்தருக்கு 1527 டிசம்பரில் பிறந்த எலிசபெத் என்ற மகள் எட்டே மாதத்தில் மறைந்தாள். நல்ல விசுவாசம் இருந்தால் தீங்கே அணுகாது என்ற போதனையை இந்த வரலாறு தாங்காது. தானியேல் புத்தகத்தில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆகிய மூவரும், தன் சிலையை வணங்காவிட்டால் தீயில் போடுவதாக மிரட்டிய ராஜாவிடம் சொன்னது வேறு: கடவுள் தங்களை விடுவிக்க வல்லவர், விடுவிக்காமல் போனாலும் சிலையை வணங்குவதில்லை. கிறிஸ்தவத் துணிவின் உள்ளடக்கம் அதுதான். முடிவு நல்லதாக இருக்கும் என்ற உறுதியை விட, மரணமும் பிரிக்க முடியாத அன்பு ஒன்று உண்டு என்ற உயிர்த்தெழுதலின் நம்பிக்கையே அதைத் தாங்குகிறது.

கேள்வி: அந்தத் துணிவு நடைமுறையில் எப்படி வருகிறது?

பதில்: பெரும்பாலும் ஜெபத்தில், பலவீனத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தில். 1956 ஜனவரியில், அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பின்போது, அதற்குத் தலைமை தாங்கிய போதகர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஓர் இரவு கொலைமிரட்டல் தொலைபேசியில் வந்தது. உறக்கம் வராமல் சமையலறையில் உட்கார்ந்து, தம் தைரியம் தீர்ந்துவிட்டது என்று ஜெபித்ததாகவும், அப்போது தம் பயம் விலகத் தொடங்கியதாகவும் பின்னாளில் அவர் எழுதினார். சில நாளில், ஜனவரி 30 அன்று, அவர் வீட்டுமுன் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்து தப்பினர். ஆத்திரத்தோடு ஆயுதங்களுடன் திரண்ட ஆதரவாளர்களை அவர் அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார்.

அவர் தனியாகவும் இல்லை; ஆலயங்களில் கூடி ஜெபித்துப் பாடிய ஒரு சமூகம் உடன் இருந்தது. எனவே பயத்தைக் கடவுளிடம் மறைக்காமல் சொல்வது, 46ஆம், 91ஆம் சங்கீதங்களைப் போன்ற பகுதிகளைத் தினமும் வாசிப்பது, சபையாரோடு சேர்ந்து ஜெபிப்பது, மிரட்டும் செய்திகளைப் பார்க்கும் நேரத்தைக் குறைப்பது ஆகியவை உதவும். பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் கெடுத்தால் மருத்துவரை அணுக வேண்டும். அதுவும் விசுவாசத்துக்கு முரண் அல்ல. பயம் முழுதாக ஓயட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்று உதவி தேவைப்படும் ஒருவரை விசாரித்து, அவருக்கு வேண்டியதைச் செய்யத் தொடங்குங்கள்.