பெயர் ஒன்று, நோய் வேறு: கட்டியைச் சோதித்து மருந்து கொடுப்பது ஏன்?



குழுக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "ரெண்டு பேருக்கும் மார்புப் புற்றுநோய்தான். அந்தக்காவுக்குத் தினம் ஒரு மாத்திரை. இவங்களுக்கு மட்டும் விலை கூடுன ஊசி. காசு இருக்கறவங்களுக்கு ஒரு வைத்தியம், நமக்கு ஒரு வைத்தியமா?" இது நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாததால் சிலர் வைத்தியத்தைப் பாதியில் விடுகிறார்கள். சிலர் நகையை அடகு வைத்து, குழுவில் அவசரக் கடன் எடுத்து, தேவையில்லாத செலவு செய்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

வயலைப் பார்ப்போம்

நெல் மஞ்சளடித்தால் உடனே உரம் வாங்க ஓடுவதில்லை. ஒரு வயலில் தழைச்சத்துக் குறைவாக இருக்கும். இன்னொரு வயலில் துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கும். வேறொன்றில் பூச்சி இருக்கும். பார்வைக்கு எல்லாம் மஞ்சள்தான். பக்கத்து வயல்காரர் போட்ட மூட்டையையே நாமும் போட்டால் காசுதான் கரையும், பயிர் தேறாது.

புற்றுநோயும் அப்படித்தான். மார்பு, நுரையீரல் என்று சொல்வது நோய் வந்த இடத்தின் பெயர். அந்தக் கட்டியை எது வளர்க்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடித்தால்தான் பொருத்தமான மருந்தைக் கொடுக்க முடியும்.

கட்டிக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. அதுதான் மரபணு. நம் குழுவின் தீர்மான நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் பார்த்து எழுதும்போது ஒரு வரி தப்பாகிவிட்டால், அடுத்து எழுதுகிற நகலிலும் அந்தத் தப்பு வரும். "நிறுத்து" என்ற வரி அழிந்துபோனால் செல் வளர்ந்துகொண்டே போகும். அப்படிச் சில தப்புகள் சேர்ந்துதான் புற்றுக்கட்டி உண்டாகிறது. எந்த வரி தப்பானது என்று கட்டியிலிருந்து எடுத்த சதையில் பார்ப்பதுதான் கட்டியின் மரபணுச் சோதனை.

மார்புப் புற்றுநோயில் மூன்று சோதனைகள்

இதில் முதல் படி எளிமையானது. பயாப்ஸி எடுத்த சதையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்றைப் பார்க்கிறார்கள்.

ஈ.ஆர். அல்லது பி.ஆர். 'பாசிட்டிவ்' என்றால், பெண்மைச் சுரப்பு நீர் அந்தக் கட்டிக்குத் தீனி போடுகிறது என்று பொருள். அதைத் தடுக்கும் மாத்திரை உதவும். டமாக்ஸிஃபென் அப்படிப்பட்டது. விலை குறைவு. பொதுவாக ஐந்து வருடமாவது சாப்பிட வேண்டும். "உடம்பு தேறிருச்சு" என்று நாமாக நிறுத்தக் கூடாது.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து உதவும். ஹெர்-2 முடிவை 0, 1+, 2+, 3+ என்று எழுதுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சந்தேகம். 'ஃபிஷ்' என்ற மரபணுச் சோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும். 0, 1+ என்று வந்தவர்களுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி பயன் தராது. அக்காவுக்கு மாத்திரை, தங்கைக்கு ஊசி என்பதற்கு இதுதான் காரணம். விலை கூடிய மருந்து நல்ல மருந்து என்பதல்ல, கட்டிக்குப் பொருந்துகிற மருந்துதான் நல்ல மருந்து.

பொருந்தாத மருந்து கெடுதலும் செய்யும்

நுரையீரல் புற்றுநோய் பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் வருகிறது. அவர்களில் பலருடைய கட்டியில் இ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். இதற்கென்று ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. கிழக்கு ஆசிய நாடுகளில், நோய் முற்றிய 1,217 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2009-ல் வெளிவந்தது. மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு, கீமோ மருந்தைவிட இந்த மாத்திரை நோயை நன்றாக அடக்கி வைத்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ, மாத்திரை எடுத்தபோது கீமோ எடுத்தவர்களைவிடச் சீக்கிரம் நோய் வளர்ந்தது. ஒரே மாத்திரைதான். ஒருவருக்கு நோயை அடக்கி வைக்கும், இன்னொருவருக்கு நாளை வீணாக்கும். சோதனை செய்யாமல் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

"மரபணு" என்றதும் பயம் வேண்டாம்

"மரபணுன்னா பரம்பரையாச்சே! வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ணை யாரு கட்டிக்குவா?" என்று சோதனையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. இங்கே நன்றாகக் கவனியுங்கள். கட்டியில் காணும் மாற்றங்களில் பெரும்பாலானவை நாம் பிறந்த பிறகு அந்தக் கட்டியில் மட்டும் வந்தவை. பிள்ளைகளுக்குப் போகாது. பரம்பரையாக வருவது நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். இளம் வயதில் நோய் வந்தாலோ, ஒரே குடும்பத்தில் பலருக்கு மார்பு அல்லது சூலகப் புற்றுநோய் இருந்தாலோ டாக்டர் அதற்கென்று தனியாக இரத்தச் சோதனை சொல்வார். அதுவும் மகள்களை முன்கூட்டியே காப்பாற்றத்தான்.

"கத்தி பட்டா பரவிரும்" என்று பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதும் சரியில்லை. தள்ளிப்போடுகிற நாட்களில்தான் நோய் வளர்கிறது.

எல்லோருக்கும் பெரிய சோதனை தேவையா?

தேவையில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முதன்முதலில் கண்டுபிடிக்கப்படும்போது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சும் மருந்துமா என்று முடிவு செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் பெரிய சோதனைக்குச் செலவு அதிகம். செய்தாலும் எல்லோருக்கும் பொருத்தமான மருந்து கிடைத்துவிடாது. ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. இந்தச் சோதனையின் முடிவால் எனக்குக் கொடுக்கும் மருந்து மாறுமா?
2. ஏற்கெனவே எடுத்த சதையிலேயே பார்க்க முடியுமா, மறுபடியும் எடுக்க வேண்டுமா?
3. முடிவு வர எத்தனை நாள் ஆகும்? அதுவரை வைத்தியத்தைத் தள்ளிப்போடலாமா, தொடங்கிவிடலாமா?
4. செலவு எவ்வளவு? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் சேருமா? (ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்திலும் கேளுங்கள்.)
5. எனக்கு ஏற்ற மருந்து விலை கூடியதாக இருந்தால் வேறு வழி என்ன?

டாக்டரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நோயாளியின் உரிமை இது.

பத்திரமாக வைக்க வேண்டியவை

பயாப்ஸி சதையை மெழுகில் பதித்து வைப்பார்கள். அதற்கு 'பிளாக்' என்று பெயர். பல வருடம் கழித்தும் அதில் சோதனை செய்யலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். வெயிலில், சூட்டில் வைக்காதீர்கள். மெழுகு உருகிவிடும். பயாப்ஸி ரிப்போர்ட்டை நகல் எடுத்து, குழுவின் பாஸ் புத்தகத்தைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஐந்து கேள்விகளையும் ஓர் உறுப்பினர் உரக்கப் படிக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் யாராவது வைத்தியத்துக்குப் போகிறார் என்றால், கேள்விகளை எழுதிக்கொண்டு கூடப் போக ஒருவரை நியமித்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். வைத்தியத்துக்கென்று அவசரக் கடன் கேட்பவரிடம், "முதல் கேள்வியைக் கேட்டீங்களா அக்கா?" என்று அன்போடு விசாரியுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டும் சொல்லாமல் இருப்பவர்கள் நம் குழுவிலேயே இருக்கலாம். அவர்களுக்கு முதல் சோதனையே இன்னும் நடக்கவில்லை. இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம்.