வெட்டிவேர்: மண்ணைக் கட்டும் புல்

புதிய காணியில் குடியேறும் குடும்பம் முதலில் கிணற்றையும் கொட்டிலையும் பற்றியே யோசிக்கும். அது நியாயமே. ஆனால் பற்றைகளை வெட்டி எரித்த நிலத்தில் முதல் மாரி விழும்போது மேல்மண் கரைந்து ஓடிவிடுகிறது. வாய்க்காலில் கலங்கி ஓடும் அந்தத் தண்ணீரோடு போவது நமது அடுத்த ஆண்டு விளைச்சல். இதைத் தடுக்கக் கல்லும் சீமெந்தும் இல்லாதவர்கள் வெட்டிவேரை நடலாம்.

சிங்களத்தில் சவந்தரா எனப்படும் இப்புல்லைப் பலர் முற்றத்தில் அழகுக்கும், வேரை மண்பானைத் தண்ணீரில் வாசத்துக்கும் வைத்திருப்பார்கள். அதன் பெரிய பயன் மண்ணுக்குள் இருக்கிறது. வேர் பக்கவாட்டில் அதிகம் படராமல் நேரே கீழிறங்கும். நல்ல மண்ணில் 3 மீற்றர் வரை போகும். அதனால் அருகிலுள்ள பயிருடன் பெரிதாகப் போட்டியிடாது. நெருக்கமாக நட்ட வரிசை, ஓடிவரும் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மண்ணை மறித்துக்கொள்ளும். 1980களில் உலக வங்கியின் விவசாய அலுவலர்கள் இதை இந்தியாவில் பரப்பினார்கள். ஆனால் மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வயல் எல்லைகளில் நட்டு வந்தார்கள். படித்தவர்கள் உழவரிடம் கற்ற பாடங்களில் இதுவும் ஒன்று.

தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே களையாகப் பரவும் என்ற பயம் வேண்டாம். வாழையைப் போலப் பக்கக்கன்றினாலேயே பெருகும். முற்றிய தூறைக் கிண்டி, 2 அல்லது 3 கன்றுகள் சேர்ந்த பிடிகளாகப் பிரியுங்கள். இலையை ஒரு சாண் அளவிலும் வேரை அரைச் சாண் அளவிலும் நறுக்குங்கள். 6 அங்குல இடைவெளியில் நட்டால் 100 அடி வரிசைக்கு ஏறத்தாழ 200 பிடிகள் தேவை.

வரிசை சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் செல்லவேண்டும். கண்பார்வையை நம்பவேண்டாம். இரண்டு சம நீளத் தடிகளை மேலே கட்டி, நடுவே குறுக்குத்தடி வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். இரு கால்களும் நிற்கும் இடங்களில் முளை அடித்து, நூல் குறுக்குத்தடியைத் தொடும் இடத்தில் கோடிடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் கோடிடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவிடமே சமமட்டம். நூல் அதில் நிற்கும்படி ஒரு காலை ஊன்றி மறுகாலை நகர்த்திக்கொண்டே போனால் வரிசை கிடைத்துவிடும்.

நடுவதற்கு ஏற்ற காலம் மாரி தொடக்கம். நான் முதன்முறை அவசரப்பட்டு ஆவணியில் நட்டேன். வெயிலில் பாதி காய்ந்தது, மிச்சத்தை ஆடுகள் முடித்தன. ஐப்பசியில் மண் நன்கு நனைந்த பின் நட்டு, முதல் சில மாதங்கள் கால்நடைகளை மறித்து வைத்தால் போதும். நிழல் இதற்கு ஆகாது. செத்த பிடிகளுக்குப் பதில் உடனே வேறு நடுங்கள். ஓர் இடைவெளி விட்டாலும் தண்ணீர் முழுவதும் அதனூடாகப் பாய்ந்து குழி பறித்துவிடும்.

வேரூன்றிய பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் புல் அடர்ந்து வரும். வெட்டிய இலையைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்காக இடலாம், கூரைக்கும் உதவும். வாசவேரை விற்க விரும்புவோர் அதற்கெனத் தனிப்பாத்தி வையுங்கள். மண்ணைக் காக்கும் வரிசையைக் கிண்டினால் முதலுக்கே நட்டம்.

ஓர் எச்சரிக்கை: மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியில் மண்வெட்டி வைக்கவேண்டாம்.

தற்காலிகக் காணியில் இருப்போர் கொட்டிலருகே பத்துத் தூறுகளையாவது வளர்த்து வைக்கலாம். இடம் மாற நேர்ந்தால் கிண்டி, வேரைச் சாணக் கரைசலில் தோய்த்து, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சில நாட்கள் தாங்கும்.