துளைக்கும் முன் கேள்

அன்பு மகளுக்கு,

காரையில் அம்மோனைட் புதைபடிவங்களைப் பார்த்துவிட்டு, "இதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியுமா சித்தி?" என்று எழுதியிருந்தாய். முடியாது கண்ணு. காரை, அரியலூர்ப் பக்கம் கடல் இருந்த கிரெட்டேசியஸ் காலம் முடிந்தே ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதுவரை படித்தவற்றில் மிகப் பழைய டி.என்.ஏ. கிரீன்லாந்து உறைமண்ணில் கிடைத்தது. அதன் வயதே சுமார் 20 லட்சம் ஆண்டுதான். உயிர் போனதும் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதையத் தொடங்கும். குளிர் அதைக் காக்கும். சூடும் ஈரமும் அழிக்கும். 1994-இல் டைனோசர் டி.என்.ஏ. என்று அறிவித்தது, மனித டி.என்.ஏ. கலந்ததால் வந்த பிழை என்று பிறகு தெரிந்தது.

ஆனாலும் பழைய டி.என்.ஏ. படிக்கும் உன் ஆசையை விடாதே. ஸ்ரீரங்கத்தில் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்த ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட நெருங்கிய சொந்தம், அழிந்துபோன மாமூத். சைபீரிய மாமூத்தின் டி.என்.ஏ. 2006-இல் அதைச் சொன்னது. மூவரில் எந்த இருவர் நெருக்கம் என்று தீர்மானிக்க, மூவருக்கும் தூரத்து உறவான நான்காவது ஒன்று வேண்டும். மறு ஆண்டு, அப்படித் தூரத்து உறவான மாஸ்டோடான் என்ற அழிந்துபோன விலங்கின் பல் அதற்கு உதவியது, விடை உறுதியானது.

ஐரோப்பாவில் வாழ்ந்த நேர்த்தந்த யானையை, உடலமைப்பை வைத்து ஆசிய யானையின் உறவு என்றே பலர் நம்பினார்கள். ஜெர்மனியில் கிடைத்த எலும்புகளின் டி.என்.ஏ. 2017-இல் ஆப்பிரிக்கக் காட்டு யானையையே அதன் நெருங்கிய உறவாகக் காட்டியது. 2018-இல் முழு மரபணுத்தொகுதியைப் படித்தபோது, அதன் முன்னோரில் மாமூத்தின் உறவினமும் கலந்திருந்தது தெரிந்தது. உயிரினங்களின் வம்சம் நாம் வரையும் கிளைகளுக்குள் அடங்குவதில்லை. நேற்றைய முடிவை இன்றைய சான்று திருத்தினால் மகிழ்ந்து ஏற்றுக்கொள்.

நம் நாட்டு வெயிலில் இந்த வேலை இன்னும் கடினம். சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும், ஒரே ஒருவரின் மரபணுத் தகவல்தான் கிடைத்தது. 2019-இல் அது வெளியானது. ஆகவே விலங்கியலோடு நிலவியலையும் புள்ளியியலையும் ஊன்றிப் படி. எலும்பு எந்த மண்ணில் கிடந்தது என்று தெரியாதவருக்கு, அதில் டி.என்.ஏ. மிஞ்சியிருக்குமா என்று கணிக்க வராது.

பெரும்பாலான சோதனைகளுக்கு எலும்பைத் துளைத்துப் பொடியெடுக்க வேண்டும். போன பொடி திரும்பாது. அதனால் துளைக்கும் முன் உன் கேள்வியை எழுதி வை. எந்த விடை வந்தால் உன் எண்ணத்தை மாற்றிக்கொள்வாய் என்பதையும் கீழே எழுது. அந்த இரண்டாவது வரியை எழுத முடியாவிட்டால், எலும்பைத் தொடாதே.

அன்புடன்,
சித்தி