மழைத்துளியை விரல் என நம்பும் திரை

மாணவர்களே, டியூஷன் முடிந்து மழையில் பேருந்துக்குக் காத்திருக்கிறீர்கள். அம்மாவை அழைக்க வேண்டும். ஆனால், கைத்தொலைபேசித் திரை நீங்கள் தொட்டால் அசைவதில்லை. தொடாத எண்ணோ தானாக விழுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

தொடுதிரைக் கண்ணாடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை குறுக்கிடும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறிய மின்தேக்கி. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே, விரல் நெருங்கியதும் அவ்விடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. கருவி அளப்பது அந்த மாற்றத்தைத்தான், அழுத்தத்தை அல்ல. பிளாஸ்டிக் பேனாவால் எவ்வளவு அழுத்தினாலும் திரை அசையாததற்குக் காரணம் இதுவே. நீரும் அங்குள்ள மின்புலத்தை மாற்றுவதால், துளி எது, விரல் எது என்று கருவி குழம்புகிறது.

எனவே முதலில் திரையையும் விரலையும் நன்றாகத் துடையுங்கள். (சட்டை நுனி போதும், வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல!) மின்னேற்றும்போது மட்டும் திரை தடுமாறுகிறதா? மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். தரமற்ற மின்னேற்றியின் மின்னிரைச்சல் அந்த நுண்ணிய அளவீட்டைக் கெடுக்கும். தடித்த பாதுகாப்புத் தாளும் விரலைத் திரையிலிருந்து விலக்கிவிடும். கருவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். உலர்ந்த பிறகும் ஒரே பகுதி மட்டும் உணராவிட்டால், அங்கே கோடு அறுந்திருக்கலாம். அப்போது கடைக்குப் போங்கள்.