வைத்தியமும் ஒரு குழு வேலைதான்



நம் குழுவில் ஒருத்தர் கணக்கு எழுதுறாங்க, ஒருத்தர் பேங்குக்குப் போறாங்க. இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் கணக்கு உதைக்கும். வைத்தியமும் அப்படித்தான்.

கர்ப்பிணிக்கு பிரஷர் 140/90 இருப்பதாக நர்ஸ் எழுதுகிறார். டாக்டர் அதைப் பார்த்து, தேவைப்பட்டால் மருந்து தரணும். மருந்தாளுநர் சாப்பிடும் முறையைச் சொல்லணும். தலைவலி, கண் மங்கல் இருக்கிறதா என்று ஏ.என்.எம். விசாரிக்கணும். ஒருவர் விட்டாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அதனால்தான் மருத்துவம், நர்சிங் மாணவர்கள் படிக்கும்போதே சேர்ந்து பழக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வலியுறுத்தியது. வில்லியனூர் பக்கம் இராமநாதபுரத்தில் உள்ள ஜிப்மர் கிராம சுகாதார மையத்தில் பயிற்சி டாக்டர்கள் ஊர் மக்களிடையே வேலை கற்கிறார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்து, வீடு தேடி வந்து பார்ப்பதும் 2022 முதல் பாடத்தில் சேர்ந்துள்ளது.

அவர்களுக்கு நாமும் ஆசிரியர்கள்தான். வீட்டுக்கு வந்தால் நாம் செய்ய வேண்டியவை:

1. எல்லாச் சீட்டும் மாத்திரையும் ஒரே பையில் வைத்துக் காட்டுவோம்.
2. "இதை டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லுவீங்களா?" என்று கேட்போம்.
3. புரியாததைத் திரும்பக் கேட்போம். விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம் தெருக் கர்ப்பிணிகளுக்குக் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள்?