சான் பிரான்சிஸ்கோவின் குளிர்ந்த கோடை

சில கிலோமீட்டர் இடைவெளிக்குள்ளேயே வெப்பமும் காற்றும் ஈரமும் வெகுவாக வேறுபடுவதை நுண்காலநிலை என்பர். நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டரே உள்ள சான் பிரான்சிஸ்கோவை இதற்குத் தலைசிறந்த சான்றாகக் கொள்ளலாம். அங்கே ஜூலையில் பகல்நேர உச்ச வெப்பம் சராசரியாக 19 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நின்றுவிடுகிறது. கலிபோர்னியா என்றதும் வெயிலை மட்டுமே எண்ணி, மெல்லிய பருத்தி உடைகளோடு வந்து இறங்குவோர் முதல் மாலையிலேயே ஸ்வெட்டர் வாங்க நேர்வது அதனால்தான்.

இக்குளிருக்கு மூலம் கடல். வடமேற்கிலிருந்து கரையோரமாக வீசும் கோடைக்காற்று, புவிச்சுழற்சியின் விளைவோடு சேர்ந்து மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. இதுவே மேலெழுச்சி எனப்படும். அந்நீரின்மேல் தவழும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அதே வேளையில் உள்நாட்டுச் சமவெளியில், சாக்ரமெண்டோ போன்ற ஊர்களில், வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிச் சூடான காற்று மேலெழுவதால் அங்கே காற்றழுத்தம் தாழ்ந்து கடற்காற்றை ஈர்க்கிறது. கரையோர மலைத்தொடரில் கடல்மட்டத்திலேயே அமைந்த பெரும் வாயில் கோல்டன் கேட் நீரிணை என்பதால், பனி அதன் வழியே பாய்கிறது. ஆகவே உள்நாட்டில் வெயில் கடுமையாகும் நாளில்தான் நகரம் பெரும்பாலும் அதிகம் குளிர்கிறது. இந்த உறவைப் புரிந்துகொண்டவர் நாட்காட்டியைப் பார்த்து உடை எடுத்து வைப்பதில்லை.

பனிப்படலத்தின் மேலே அதைவிட வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்திருக்கும். உயரம் கூடக் குளிரும் என்ற பொதுவிதி தலைகீழாவதால் இது வெப்பத் தலைகீழ்நிலை எனப்படுகிறது. அம்மூடியை மீறி எழ இயலாத பனியை, சுமார் 280 மீட்டர் உயரமுள்ள ட்வின் பீக்ஸ் முதலிய குன்றுகள் தடுத்துவிடுகின்றன. குன்றுகளுக்கு மேற்கே உள்ள சன்செட், ரிச்மண்ட் பகுதிகள் சாம்பல் நிறத்தில் மூழ்கியிருக்க, கிழக்கே மிஷன் பகுதியில் வெயில் காய்கிறது. (சூரிய அஸ்தமனத்தைப் பெயராகக் கொண்ட சன்செட்டில் கோடை மாலைகளில் சூரியன் தென்படுவதே அரிது.) வாடகை வீடு தேடுவோர் ஒரு பகுதியை நண்பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், காலையிலும் மாலையிலும் சென்று பார்ப்பதே அறிவுடைமை.

பனி பெரும்பாலும் முற்பகலில் விலகிப் பிற்பகலில் காற்றோடு திரும்புவதால், வெளியில் சுற்றும் திட்டங்களை நண்பகலையொட்டி அமைப்பதும், ஒரே தடித்த உடைக்குப் பதிலாக, காற்றுப் புகாத மேலங்கி உட்பட இரண்டு மூன்று அடுக்குகளாக அணிவதும் நன்று. கோடையில் பிள்ளைகளைக் காணத் தமிழகத்திலிருந்து செல்லும் முதியோர்க்கு இது மிகவும் முக்கியம். வெதுவெதுப்பான வங்கக் கடலை அறிந்த அவர்களுக்கு, 13 டிகிரி அளவிலான ஓஷன் பீச் நீரும் அங்குள்ள வலிய இழுவை நீரோட்டங்களும் ஆபத்தானவை. அங்கே கடலில் இறங்கவே கூடாது.

வெயிலை விரும்புவோர் பயணத்தைச் செப்டம்பருக்கோ அக்டோபருக்கோ தள்ளிவைக்க வேண்டும். நகர மையத்தில் 41 டிகிரி வெப்பம் பதிவானதும் 2017 செப்டம்பர் 1 அன்றுதான்.